திறப்பு விழாவுக்குக் காத்திருந்த கழிப்பறை

2024 ஜூலை 17, புதன்கிழமை. அலாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்து அதை அணைத்தேன். அரிசியைக் களைந்து குக்கரில் வைத்தேன். முதல் நாள் சாம்பாரைச் சூடாக்கி இரண்டு டிபன் டப்பாவிலும் ஒரே அளவாக ஊற்றினேன். கணவரைக் கிள்ளான் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டேன். அவருக்குப் பிரிக்பீல்ட்ஸில் வேலை, எனக்கு இதே ஊர் பள்ளிக்கூடத்தில். காரை வழக்கமான மரத்தடியில் நிறுத்திவிட்டு, ஆசிரியர் அறையில் பாலில்லாத தே ஓ ஒன்று குடித்தேன். பிறகு, காலைக் கூட்டத்துக்கு மணி அடிக்கும் முன், இரண்டாவது மாடிக்கு ஏறிப் போய்ப் பூட்டைப் பார்த்தேன். தொங்கிக்கொண்டிருந்தது.

அது மாணவிகளின் புதிய கழிப்பறைக் கதவில் தொங்கிய பூட்டு. மார்ச்சில் பள்ளி ஆண்டு தொடங்கியபோதே வேலையெல்லாம் முடிந்துவிட்டது. இளநீலத் தரை ஓடு. ஆறு அறைகள். ஆறிலும் தாழ்ப்பாள், ஆறிலும் தண்ணீர். முகம் பார்க்க நீளமான கண்ணாடிகூட உண்டு. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர், நாங்கள் ஒய்பி என்று அழைப்பவர், வந்து அதைத் திறந்துவைக்க வேண்டும். அவர் வரும் வரை அது ஒரு கட்டடம். அவர் ரிப்பனை வெட்டிய பிறகுதான் கழிப்பறை.

மூன்று முறை தேதி வைத்தார்கள். முதல் முறை ஒய்பிக்குக் கோலாலம்பூரில் கூட்டம். இரண்டாம் முறை அவருக்கு டத்தோ பட்டம் கிடைத்தது. சுவரில் பதிக்கச் செய்து வைத்திருந்த கல்வெட்டில் பட்டம் இல்லாமல் பெயர் இருந்ததால், புதிதாகப் பளிங்குக் கல் வெட்டி வரும்வரை விழா நின்றது. மூன்றாம் முறை என்ன காரணம் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நான்காவது தேதி ஜூலை 18, வியாழக்கிழமை. அதற்கான முழு ஒத்திகைதான் இந்தப் புதன்கிழமை.

"அதுவரைக்கும் பழைய டாய்லெட் இருக்குதுல்ல?" என்பார் பள்ளியின் துணை முதல்வர். இருப்பது உண்மைதான். பட்டறைக்குப் பின்னால் மூன்று அறைகள். ஒன்றுக்குக் கதவில்லை. ஒன்றில் தண்ணீர் இல்லை. மூன்றாவது நன்றாக இருக்கிறது. அதனால் இடைவேளை முழுவதும் அதன் முன்னால் வரிசை நிற்கும். வரிசையின் கடைசியில் இருப்பவர்கள் மணி அடித்ததும் அப்படியே வகுப்புக்குத் திரும்புவார்கள். மாணவிகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

நான் வரலாறும் குடியியலும் எடுக்கும் இரண்டாம் படிவத்தில், பதினான்கு வயதுப் பிள்ளைகளின் வகுப்பில், ஒரு மாணவி, பண்டமாரானிலிருந்து பள்ளி வேனில் வருபவள். அந்தப் படிவத்திலேயே உயரமானவள் அவள்தான். மே மாதம் சிறுநீர்த் தொற்று என்று பள்ளிக்கு வரவில்லை. மருத்துவர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். பெரிய போத்தல் ஒன்று வாங்கினாள். காலையில் போத்தல் நிறைந்திருக்கும். மதியம் வேன் ஏறும்போதும் நிறைந்தே இருக்கும். ஜூன் மாதம் மறுபடியும் தொற்று. அவள் அம்மா பள்ளிக்கு வந்தார்.

"டீச்சர், இன்னொரு தடவ வந்துச்சுன்னா கிட்னிக்கு ஏறிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறா. நீங்க சொல்லுங்க, தண்ணி குடிக்கச் சொல்லி."

அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். "குடிக்கிறேம்மா. குடிச்சுட்டு எங்க போறது?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு அவள் அம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த பள்ளியின் இலட்சிய வாசகத்தைப் பார்த்தேன்.

எனக்குத் தெரிந்தது பாடம் நடத்துவது. அரசாங்கத்தின் மூன்று கிளைகளை நடத்திக்கொண்டிருந்த வாரம் அது. சட்டம் இயற்றுவது யார், நிறைவேற்றுவது யார், வழக்கைத் தீர்ப்பது யார் என்று கரும்பலகையில் கட்டம் போட்டிருந்தேன். வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து ஒரு களப்பணி கொடுத்தேன்: இரண்டாம் மாடிக் கதவைத் திறக்கும் அதிகாரம் யாருக்கு? கேட்டு வந்து சொல்லுங்கள், மரியாதையாகக் கேளுங்கள்.

மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார்கள். துணை முதல்வர், ஓடு பதித்த செலவு பெற்றோர் ஆசிரியர் சங்கத்துடையது, சங்கத் தலைவரைக் கேளுங்கள் என்றார். சங்கத் தலைவர் பண்டமாரானில் லோரி கம்பெனி வைத்திருப்பவர். பள்ளிக்கூடச் சொத்தில் நான் கை வைக்க முடியுமா, முதல்வரைப் போய்க் கேளுங்கள் என்றார். முதல்வர் ஷா ஆலமில் கூட்டத்தில் இருந்தார். எங்கள் முதல்வர் நல்லவர், ஆனால் எப்போதும் ஷா ஆலமில் கூட்டத்தில் இருப்பவர். அலுவலகத்தில் இருந்தவர், கழிப்பறையைக் கட்டிய குத்தகைக்காரர் இன்னும் சாவியை ஒப்படைக்கவில்லை என்றார். குத்தகைக்காரருக்கு ஒரு மாணவனின் சித்தப்பாவைத் தெரியும். "அந்தச் சாவிய எப்பவோ குடுத்தாச்சு லா, காசுதான் இன்னும் வரல" என்று அவர் பதில் அனுப்பினார்.

ஒரு குழுவின் தலைவன் எழுந்து அறிக்கையை வாசித்து முடித்துவிட்டுச் சொன்னான்: "டீச்சர், மூணு கிளைன்னு நீங்க சொன்னீங்க. நாங்க பாத்ததுல அஞ்சு கிளை இருக்கு. ஆனா மரம் எங்கன்னு தெரியல."

வகுப்பு சிரித்தது. அவனுக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன். மறுநாள் துணை முதல்வர் என்னை வராந்தாவில் நிறுத்தினார். "டீச்சர், பாடத்த பாடமா எடுங்க. பிள்ளைங்கள எதுக்கு ஆஃபீஸ் ஆஃபீஸா அனுப்புறீங்க?" என்றார். அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று பாடத்தில் இருக்கிறது சார் என்றேன். "அது புத்தகத்துல இருக்குல்ல" என்றார்.

திறப்பு விழாக் குழுவுக்கு நான்தான் செயலாளர். என் கையெழுத்து சுத்தமாக இருக்கும் என்பதால் எந்தக் குழு அமைத்தாலும் என்னைச் செயலாளராகப் போடுவார்கள். ஆகவே அந்தக் குழுவில் பேசியதெல்லாம் எனக்குத் தெரியும். கதவை எப்போது திறப்பது என்று ஒரு கூட்டத்திலும் பேசவில்லை. பேசியது கிமிக்கைப் பற்றி. எங்கள் பக்கத்தில் எந்த விழாவையும் பிரமுகர் சும்மா தொடங்கிவைக்க முடியாது. ஒரு கிமிக் இருக்க வேண்டும். கண்ணாடி உருண்டையைத் தொட்டால் புகை வர வேண்டும், அல்லது பெட்டியைத் திறந்தால் பலூன் பறக்க வேண்டும். கழிப்பறைக்கு என்ன செய்வது?

சங்கத் தலைவருக்குக் குழப்பமே இல்லை. "ஒய்பி உள்ள போறாரு, ஃப்ளஷ்ஷ அமுக்குறாரு, வெளிய பட்டாசு!"

"தலைவரே, அது பொம்பளப் பிள்ளைங்க டாய்லெட்டு. ஆம்பள உள்ள போற போட்டோ பேப்பர்ல வந்தா என்னத்துக்கு ஆகும்?" என்றார் துணை முதல்வர்.

"அப்ப ஃப்ளஷ்ஷ வெளிய கொண்டாங்க."

இதை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. கம்பெனி லோரியில் ஒரு கழிப்பறைப் பீங்கானை ஏற்றிவந்து பந்தலில் சிவப்புக் கம்பளத்தின்மேல் வைக்கலாமா என்பது பற்றி வெகு நேரம் பேசினார்கள். கடைசியில், கதவுக்கு வெளியே இருக்கும் கைகழுவும் தொட்டியின் குழாயை ஒய்பி திறப்பார் என்று முடிவானது. தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் கொம்பாங் குழு தன் மலாய்க் கைமேளங்களை அடிக்க வேண்டும். அதற்கு முன் ரிப்பனை வெட்டுவார், தட்டில் வைத்த சாவியால் பூட்டைத் திறப்பார், வாசற்படியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துத் தலையாட்டுவார். உள்ளே போக மாட்டார். திறந்த பூட்டும் சாவியும் கூட்டத்தில் தொலைந்துபோகாமல் இருக்க, அவற்றை விழாச் செயலாளர் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று துணை முதல்வர் முன்மொழிந்தார். தலைவர் வழிமொழிந்தார். நான் எழுதிக்கொண்டேன்.

ஒத்திகைக்கு முந்தைய வாரம் வகுப்பில் பிரதிநிதித்துவம் பற்றிப் பாடம். ஒருவன் கையை உயர்த்தினான். "டீச்சர், எங்க கோயில் அன்னதானத்துக்கு ஒய்பி வரல. அவரு ஆபீஸ்ல வேல செய்யுற அண்ணன் வந்தாரு. அவருக்கும் அதே பெரிய மாலதான். ஒய்பி பேச்ச அவரே படிச்சாரு."

அதுதான் பிரதிநிதி என்றேன். பிரதிநிதி செய்வது, அவர் யாருக்குப் பதிலாக வந்தாரோ அவரே செய்ததாகக் கொள்ளப்படும் என்று கரும்பலகையில் எழுதினேன். உயரமான மாணவி எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"யாரு வேணும்னாலும் பிரதிநிதியா வரலாமா டீச்சர்?"

"பொறுப்பில் இருப்பவர் நியமிக்க வேண்டும்."

"கடுதாசி குடுத்து நியமிக்கணுமா?"

"எல்லாவற்றுக்கும் கடிதம் வேண்டியதில்லை. எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தாலும் போதும்."

நான் சட்டம் படித்தவள் அல்ல. இரண்டாம் படிவத்துக்கு இவ்வளவு போதும் என்று நினைத்தேன். அவளுக்கும் போதுமானதாக இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

புதன்கிழமை இடைவேளைக்குப் பின் இரண்டாம் மாடி வராந்தாவில் எல்லோரும் கூடினோம். கொம்பாங் குழு ஒரு பக்கம். பன்னீர்ச் செம்போடு இரண்டு மாணவிகள் மறு பக்கம். கதவின் குறுக்கே இடுப்பு உயரத்தில் சிவப்பு ரிப்பன். போன ஆண்டு ஒரு விழாவில் கல்வெட்டை மூடியிருந்த திரை, பிரமுகர் இழுத்தபோது பாதியில் சிக்கிக்கொண்டது. அதிலிருந்து துணை முதல்வருக்கு ஒத்திகையில் பாவனை கூடாது. நிஜ ரிப்பன், நிஜக் கத்தரிக்கோல், நிஜச் சாவி. ரிப்பன் சுருள் இரண்டு வாங்கி வைத்திருந்தார். மாலை மட்டும் நிஜமில்லை, அதற்குப் பதில் மடித்த பூத்துவாலை.

புகைப்படக்காரர் வெளிச்சம் பார்க்க ஆள் கேட்டார். "ஒய்பி உயரத்துக்கு ஒருத்தர் நிக்கணும் சார்."

எங்கள் ஒய்பி அவ்வளவு உயரமானவர் அல்ல. துணை முதல்வர் சுற்றிலும் பார்த்தார். ஆசிரியர்களில் சிலர் அதிக உயரம், சிலர் அதிகக் குட்டை. அவர் கண் இரண்டாம் படிவ வரிசையில் அந்த உயரமான மாணவியிடம் போய் நின்றது. "நீ வாம்மா" என்றார்.

பிறகு ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். அவர் மலாயில் அறிவித்ததைத் தமிழில் எழுதுகிறேன்: "இன்று ஒய்பிக்குப் பதிலாக இந்த மாணவி. ஒய்பிக்குக் கொடுக்கும் அதே மரியாதையை எல்லோரும் இவருக்குக் கொடுக்க வேண்டும்."

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். நான் நிகழ்ச்சி நிரலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

அறிவிப்பாளர் ஒய்பியின் பட்டங்களை ஒன்று விடாமல் சொல்லி அவளை அழைத்தார். கொம்பாங் முழங்கியது. பன்னீர் தெளித்தார்கள். சங்கத் தலைவர் பூத்துவாலையை அவள் கழுத்தில் போட்டு, "வாங்க டத்தோ, வாங்க" என்று கும்பிட்டார். மாணவர்கள் கைதட்டினார்கள். அவள் சிரிக்காமல், இரு பக்கமும் தலையசைத்து, மெதுவாக நடந்துவந்தாள். இந்த நடையை அவள் எத்தனை விழாவில் வெயிலில் நின்று பார்த்திருப்பாள்!

ரிப்பனை வெட்டினாள். தட்டிலிருந்த சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள். பூட்டையும் சாவியையும் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டினாள். பெரிய மனிதர்கள் அப்படித்தான் நீட்டுவார்கள். பின்னால் நின்றது நான். வாங்கிக்கொண்டேன். நிரலில் அப்படித்தான் இருந்தது.

அடுத்து, வாசற்படியில் நின்று தலையாட்ட வேண்டும். அவள் வாசற்படியைத் தாண்டி உள்ளே போனாள்.

"அம்மா! அம்மா! ஒய்பி உள்ள போக மாட்டாரு!" என்று துணை முதல்வர் கத்தினார்.

"போயாச்சு சார்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

வராந்தாவில் அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். அப்படியொரு அமைதி எங்கள் காலைக் கூட்டத்தில் ஒருநாளும் வாய்த்ததில்லை. புகைப்படக்காரர் எதைப் படம் எடுப்பது என்று தெரியாமல் கருவியைக் கீழே இறக்கினார். கொஞ்ச நேரம் கழித்து ஃப்ளஷ் சத்தம் கேட்டது. தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் அடிக்க வேண்டும் என்றுதானே கொம்பாங் குழுவுக்குச் சொல்லியிருந்தோம்? அடித்துவிட்டார்கள். இவ்வளவு கச்சிதமாக ஒரு கிமிக் நடந்து நான் பார்த்ததில்லை.

அவள் வெளியே வந்து, குழாயைத் திறந்து, சோப்புப் போட்டுக் கை கழுவினாள். "இந்தக் கழிப்பறையை அதிகாரப்பூர்வமாகத் திறந்துவைக்கிறேன்" என்று நிரலில் இருந்த வரியை அப்படியே சொன்னாள். அவள் ஒதுங்கியதும் பின்னால் நின்ற மாணவிகள் வரிசையாக உள்ளே போகத் தொடங்கினார்கள். தள்ளுமுள்ளு இல்லை. வரிசையில் நிற்பது அவர்களுக்கு நன்றாகப் பழகியிருந்தது.

"ஏய், ஏய், இது ஒத்திகை லா! வெளிய வாங்க எல்லாரும்!" என்றார் துணை முதல்வர்.

"சார், நீங்கதானே சார் மைக்ல சொன்னீங்க, ஒய்பிக்குப் பதிலா நான்னு" என்றாள் அவள். குரலில் துடுக்கு இல்லை. "எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. பிரதிநிதி செஞ்சா அவரே செஞ்ச மாதிரிதான் சார். டீச்சர் பாடத்துல இருக்கு."

எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின.

"இதெல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததா டீச்சர்?"

"பாடத்திட்டத்தில் இருப்பது சார்" என்றேன்.

"அது அரசாங்கத்துக்கு. பள்ளிக்கூடத்துக்கு இல்ல."

இப்படி ஒரு விளக்கத்தை எந்தக் குடியியல் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. ஆனால் எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறது.

சங்கத் தலைவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "விடுங்க சார், பொண்ணு என்னமா பேசுது! அடுத்த எலெக்‌ஷன்ல இத நிக்க வைக்கலாம்." பிறகு சட்டென்று முகம் மாறிப் புகைப்படக்காரரிடம் போனார். "பாஸ், ரிப்பன் வெட்டுனப்ப நான் போட்டோல விழுந்தேனா?"

துணை முதல்வர் என் அருகில் வந்து கையை நீட்டினார். "பூட்ட குடுங்க டீச்சர்."

"பூட்டு செயலாளர் பொறுப்பு சார். மூன்றாம் கூட்டத்தில் நீங்கள் முன்மொழிந்தீர்கள்."

"அது நாளைக்கு, நிஜ விழாவுக்கு!"

"நிஜம் மாதிரியே எல்லாம் நடக்கணும்னு சொன்னீங்களே சார்."

அவர் என்னைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். உள்ளே ஆறு அறைகளிலும் தாழ்ப்பாள் போட்டிருந்தது. பூட்டு கையில் கிடைத்தாலும் ஆறு மாணவிகளை உள்ளே வைத்துப் பூட்ட முடியாது. ஆறு பேர் வெளியே வந்தால் அடுத்த ஆறு பேர் உள்ளே போனார்கள். அவர் சற்று நேரம் நின்று பார்த்தார். வரிசை குறையவில்லை. கீழே இறங்கிப் போய்விட்டார். கடைசிப் பாடவேளையில் நான் வகுப்புக்குள் நுழைந்தபோது, உயரமான மாணவி போத்தலை அண்ணாந்து பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். வகுப்பு நேரத்தில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அந்த விதி எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

சாயங்காலம், காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது, விழாக் குழுவின் வாட்ஸ்அப்பில் துணை முதல்வரின் செய்தி வந்தது. ஒய்பிக்கு அவசர வேலை. விழா தள்ளிவைக்கப்படுகிறது. புதிய தேதி பின்னர். பந்தல்காரருக்குத் தகவல் சொல்லியாயிற்று. சங்கத் தலைவர் அழும் முகம் ஒன்றைப் போட்டார், பிறகு கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டார். கடைசியாக எனக்கென்று ஒரு வரி: "டீச்சர், விழா இன்னும் நடக்கவில்லை என்பதால் நாளை காலை புது ரிப்பன் கட்டவும். கதவைச் சாத்தி வைக்கவும்."

பூட்டைப் பற்றி அவர் எழுதவில்லை. மறந்தாரா, எழுத வேண்டாம் என்று விட்டாரா, தெரியாது. சரி சார் என்று பதில் போட்டுவிட்டு மிச்சத் துணியை மடித்தேன். பூட்டு கைப்பையின் பக்க அறையில் இருந்தது. அதை எடுத்து, துருப்பிடிக்காமல் ஒரு துணியில் சுற்றி, ரிப்பன் கத்தரிக்கோல் வைக்கும் பெட்டியில் போட்டேன்.

வியாழக்கிழமை காலை தே ஓ குடிக்கும் முன்பே முதல் வேலையாக இரண்டாவது ரிப்பன் சுருளை எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போனேன். பண்டமாரான் வேன் வந்திருந்தது. உயரமான மாணவியைக் கூப்பிட்டுக் கதவின் முன்னால் நேராக நிற்கச் சொன்னேன். அவள் தலைக்கு மேல் ஒரு சாண் விட்டுக் கதவு நிலையில் இரண்டு பக்கமும் பென்சிலால் குறித்தேன். நாற்காலியில் ஏறி ரிப்பனை அந்தக் குறிகளில் தொய்வில்லாமல் கட்டினேன். முடிச்சைப் பூவாக விரித்துவிட்டு, இறங்கி, கதவைச் சாத்தினேன். அவள் ரிப்பனை நிமிர்ந்து பார்த்தாள், கதவைத் தள்ளினாள், குனியாமல் உள்ளே போனாள்.